ஓடைக்கு அக்கரையில் சத்துணவுக் கூடம்

திங்கள், காலை 5.40. கடலூரிலிருந்து பேருந்து கிளம்பியபோது என் மடியில் இருந்தது ஒரு கட்டு வினாத்தாள். நான் மனநல ஆலோசகர். சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை ஊரில் இருக்கிறது. எங்கேயாவது வெள்ளம், புயல் என்றால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொண்டராகக் கிளம்பிவிடுவேன். கல்வராயன் மலையில் மூன்று வாரத்துக்கு முன் கொட்டிய மழையில் சுவர்கள் இடிந்தன, மரவள்ளிக் காடுகள் சரிந்தன. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அந்த மக்கள் மனதளவில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவரத்தான் இந்தப் பயணம்.

உளுந்தூர்பேட்டையில் டாக்டர் மும்தாஜ் ஏறிக்கொண்டார். விழுப்புரத்தில் மனநல மருத்துவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடும் பாக்கியசாலி. தியாகதுருகம் கோட்டை மலை ஜன்னலில் வந்து போனதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

8.50. கள்ளக்குறிச்சி. பன்னிரண்டு ரூபாய்க்கு நல்ல டீ. இங்கிருந்து கரியாலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். தலைக்கு அறுபது ரூபாய் என்று ஏற்றிக்கொண்ட வேன் ஓட்டுநர் ஏழுமலைக்குச் சொந்த ஊர் வடக்கனந்தல்.

"இன்னா மேடம், சர்வே எடுக்கப் போறீங்களா?" என்றார் என் கட்டைப் பார்த்து.

"இல்லைங்க. சும்மா பேசிட்டு வரத்தான்."

"பேசுறதுக்கா இம்மாம் பேப்பரு?" என்று கேட்டுவிட்டு ஹாரனை அழுத்தினார். அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வெளியே கரும்புக்கும் மஞ்சள் வெயிலுக்கும் அப்பால் மலை தெரியத் தொடங்கியிருந்ததால் வாங்கவில்லை.

மலையடிவார அணையைத் தாண்டியதும் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்தது. பெயர் தெரியாத சிற்றருவிகள் பாறைகளில் வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தன. அழிவு நடந்த இடத்துக்குப் போகிறோம் என்பதை மறந்து நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதற்காக வெட்கப்படவும் இல்லை.

கரியாலூரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே நாங்கள் தங்கிய சிற்றூர். அதன் பெயரை எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. போட்டவர் யார் என்பது போகப் போகத் தெரியும்.

திங்கள், பிற்பகல் 2.00. மகளிர் குழுக் கட்டடத்தில் ஊரே கூடிவிட்டது. எங்கள் தாளில் பன்னிரண்டு கேள்விகள். தூக்கம் கெடுகிறதா, பசி குறைந்ததா, மழைச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறீர்களா. இல்லை என்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் மூன்று. முதல் ஆள் எல்லாவற்றுக்கும் மூன்று என்றார். இரண்டாம் ஆளும் மூன்று. மும்தாஜின் முகம் கவலையில் சுருங்கிக்கொண்டே போனது. எட்டாவதாக வந்த பெரியவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"எனக்கு நாலாப் போடுங்க மேடம். அவனுக்கு ஒரு செவுருதான் போச்சி. எங்க வூட்டுல ரெண்டு செவுரு பூட்ச்சி."

மழைக்குப் பிறகு தாளோடு மலையேறியவர்கள் எல்லாம் நிவாரணத்துக்காக எத்தனை சுவர், எத்தனை ஆடு என்று எண்ணிப் போக வந்தவர்கள். நாங்களும் அதே சாதி என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. சேதம் ஜாஸ்தி என்றால் தூக்கமும் ஜாஸ்தியாகத்தானே கெட்டிருக்க வேண்டும்? முதலிலேயே விளக்காதது எங்கள் தப்பு. நாங்கள் வந்த காரணத்தை மும்தாஜ் எழுந்து நின்று சொன்னதும், அந்தப் பெரியவரே முதலில் சிரித்தார். "அப்ப எனக்கு ஒண்ணு போதும். நல்லாத்தான் தூங்கிக்கினு கீறேன்." கூடம் அதிர்ந்தது.

அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் சொன்னவர் ஒரே ஒருவர். பெயர் ராமாயி, ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரர். "நமக்கு இன்னா கொறை? ஒண்ணுமில்லன்னு எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு எங்களுக்குச் சோறு பொங்கப் போய்விட்டார். சாமைச் சோறும் பருப்புக் குழம்பும். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை கேட்காமலே விழுந்தது.

செவ்வாய், காலை 7.15. ராமாயி என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. வெள்ளிக்கெழம குடுத்துடணும்."

"ஏன்க்கா?"

"முட்டி வலி."

நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறியபடியே அதைச் சொன்னார். மூச்சு வாங்கியது எனக்குத்தான். "எழுதித் தரேன்க்கா. ஆனா வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கில்ல?" என்றேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நீண்ட நேரம் பேசினார்.

பள்ளிக்கூடம் ஓடைக்கு அக்கரையில். நடுவே தரைப்பாலம், ஓடைத் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். மழை வந்த மதியம் பள்ளியைச் சீக்கிரம் விட்டார்கள். கடைசியாக இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்து இவர்தான் இக்கரைக்குக் கொண்டுவந்தார். பாதி வழியில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. சின்னவளின் கை நழுவியது. சட்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். மூன்று பேரும் பிழைத்தார்கள்; சின்னவள் மறுநாளே விளையாடப் போனாள்.

"ஒண்ணும் ஆவல. ஆனா கை நழுவுச்சே, அத்த நான் இன்னா பண்றது? அன்னியிலேந்து பாலத்தாண்ட போனா காலு வரமாட்டேங்குது. இத்தப் போயி யாராண்ட சொல்றது? சுவரு போனவங்க கீறாங்க, காடு போனவங்க கீறாங்க."

இருபத்திரண்டு வருஷ அடுப்பு அது. கீழூரிலிருந்து தற்காலிகமாக வந்து சமைக்கும் பெண் இந்த வாரத்தோடு போகிறாள். ராமாயி கடிதம் கொடுத்தால் திங்கள் முதல் வேறு ஆள். அந்தக் கடிதத்தை எழுதாமலிருக்க என்னவெல்லாம் செய்யலாம் என்று அன்று முழுதும் எனக்கு அதே நினைப்பு.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. பயத்தைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் நெஞ்சு அடங்கும்வரை நிற்பது. முதல் படி, தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பலாமரம். செவ்வாய் மாலை மூவரும் அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டோம். புதன் காலை பத்தடி முன்னே. ராமாயியின் உள்ளங்கை வேர்த்தது, பிறகு காய்ந்தது. புதன் மாலை இன்னும் பத்தடி. ஏழு படிகள் போட்டிருந்தேன். அக்கரை ஏழாவது, அதற்குள் நாங்கள் ஊர் திரும்பியிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும்.

வியாழன், காலை 11.40. நான்காம் படி. தண்ணீருக்கு மூன்று முழம் இப்பால் நின்றோம். ஓடை இப்போது கணுக்கால் அளவுதான், கூழாங்கல் தெரியும் தெளிவு. ராமாயி கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கரையிலிருந்து காற்று வீசியது.

ராமாயி கண்ணைத் திறந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"பருப்பு அடி புடிக்குது!"

"அக்கா, மூச்ச மட்டும் கவனிங்க" என்றேன் நான், புத்திசாலி போல.

"மூச்சுலதாம்மா வருது! ஏய்! சட்டிய எறக்குடீ! எறக்குடீன்றேன்!"

ஓடைச் சத்தத்தில் அக்கரையில் யார் காதில் விழும்? புடவையைத் தூக்கிச் செருகினார். தண்ணீரில் இறங்கினார். கூடவே போகக் கால் எடுத்த என் முழங்கையை மும்தாஜ் பிடித்து நிறுத்தினார். திட்டிக்கொண்டே போனார் ராமாயி, இருபது அடிப் பாலம், திரும்பிக்கூடப் பார்க்காமல். சமையல் கூடத்துக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. மும்தாஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டியோடு வாசலுக்கு வந்தவர் எங்களைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். கரண்டி நின்றுவிட்டது.

"அய்யய்யோ, நான் இங்க எப்பிடி வந்தேன்? திரும்பி எப்பிடி வருவேன்?"

"வந்த மாதிரியேதாங்க்கா!" என்று மும்தாஜ் கத்தினார்.

"பள்ளிக்கூடம் வுடட்டும், பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. பிறகு அவர் உள்ளே போய்விட்டார். பிள்ளைகளுக்குப் பசி.

மாலை 4.00. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாகப் பாலத்தில் இறங்கினார்கள். முன்னால் ராமாயி. இடது கையில் ஒரு பிள்ளை, வலது கையில் அந்தச் சின்னவள். பாலத்தின் நடுவில் ஒரு கணம் நின்றார். சின்னவள் அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னாள். ராமாயி பிடியை மாற்றி அவள் மணிக்கட்டைப் பற்றினார். நடந்து வந்துவிட்டார்.

அன்று மாலை நிறையப் பேசினோம். சில நாட்களில் கால் மறுபடி மக்கர் பண்ணலாம், மழை இருட்டினால் நெஞ்சு அடிக்கலாம், அது தோல்வி அல்ல என்றார் மும்தாஜ். மாதாமாதம் வரும் செவிலியரிடம் சொல்லிவைத்தோம். நான் பயணக் கட்டுரை எழுதப்போவதைச் சொன்னபோது, "எழுது. ஊரு பேரு மட்டும் வாணாம். அடி புடிச்ச பருப்பு எங்க ஊருதுன்னு ஆயிடும்" என்றார் ராமாயி.

வெள்ளி, காலை 8.20. ஏழுமலையின் வேன் வந்துவிட்டது. கடலூரில் எங்களுக்கும் புயல் புதிதல்ல. அங்கேயும் தாளோடுதான் போவேன். அங்கேயும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு டீ போடப் போனவர்கள் எத்தனை பேரோ! இனி அந்த டீயைக் குடித்து முடிக்கும்வரையாவது உட்கார வேண்டும்.

ராமாயியிடம் விடைபெறத் தேடினோம். வீடு பூட்டியிருந்தது. எழுதாத வெள்ளைத்தாள் இன்னும் என் பையில்தான் இருந்தது. பலாமரம்வரை போய்ப் பார்த்தோம். அக்கரையில் சமையல் கூடத்துப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே யாரையோ அதட்டும் குரல் கேட்டது. நாங்கள் இன்று கிளம்புகிறோம் என்பதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். எங்கள் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.