எக்ஸ்ட்ராவையும் சேர்த்துத்தான்

மூன்று வருடம் காத்திருந்த காஸ் கனெக்‌ஷனுக்குக் கார்டு வந்த அன்றுதான், அதற்காக அரிசி டின்னுக்குள் சுருட்டி வைத்த பணம் காணாமல் போனது இசக்கிசெல்விக்குத் தெரிந்தது. எடுத்தவன் அவள் புருஷன் செல்லதுரை. ஒரு டெஸ்ட் மேட்சில் பந்தயம் வைத்து அத்தனையையும் தோற்றிருந்தான்.

இசக்கிசெல்வி கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். நகரசபை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா இறந்தபின் அவருடைய துப்புரவு வேலை அவளுக்குக் கிடைத்தது. செல்லதுரை சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். குடிக்கிறவனில்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. கிரிக்கெட் சீசன் வந்தால் மட்டும் தோப்பும்படியில் சேவியரின் ஐஸ் கடைப் பக்கம் அவன் கால் தானாகப் போகும். ஐஸ் விற்பனை முன்பக்கம். பந்தயம் பின்பக்கம்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கார்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தியா ஜெயிக்கும்னு வச்சேன் செல்வி. முதல் இன்னிங்ஸ்ல இருநூறு ரன் கூடுதல். கடைசியில டிரான்னுட்டாங்க. பைசா போச்சு."

"இருநூறு ரன் கூடுதல் எடுத்தவங்க எப்படி ஜெயிக்காம போவாங்க?"

"அது... டெஸ்ட்ல அங்ஙனதான்."

"அங்ஙனதான்னா?"

செல்லதுரை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. பணம் போனதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எதில் வைக்கிறோம் என்று தெரியாமலே ஒரு மனுஷன் ஆறு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறான். அழுது என்ன ஆகப்போகிறது? இந்தக் களி, இந்த ஆட்டம் என்னதான் என்று பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அவள் கூட்டுகிற ரோடு ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தை ஒட்டிப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உள்ளூர் கிளப்புகள் ஆடும். மழைமரத்தடியில் மேஜை போட்டு ஸ்கோர் எழுதுவார் வெங்கிடராமன். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். அவளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அந்த ஞாயிறு வேலை முடிந்ததும், தொடப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு நேரே போய் நின்றாள்.

"சாரே, ஒரு சம்சயம். ரன் கூடுதல் எடுத்தும் டெஸ்ட்ல ஏன் ஜெயிக்கல?"

அவர் பென்சிலை நிறுத்தினார். இருபது வருடத்தில் யாரும் அவரிடம் ஸ்கோரைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

"டெஸ்ட்ல ரன் மட்டும் எடுத்தாப் போறாது. அஞ்சு நாளைக்குள்ள எதிராளியை ரெண்டு தடவை அவுட்டாக்கணும். அதுக்கு முன்னாடி நாள் தீர்ந்துபோச்சுன்னா டிரா. ஒருநாள் மேட்ச் அப்படியில்லை. ஆளுக்கு அம்பது ஓவர், யாருக்கு ரன் கூடுதலோ அவாளுக்கு ஜெயம்."

"அப்போ டெஸ்ட்ல மூணு முடிவு இருக்கு. இவரு ஒண்ணுல மட்டும் பைசா வச்சிருக்காரு."

"மனசிலாயிடுத்தே!" என்று சிரித்தார் வெங்கிடராமன்.

அதன்பிறகு அவள் ஒரு ஞாயிறும் விடவில்லை. அவர் சாப்பிட எழும்போது பென்சிலை அவள் வாங்கிக்கொள்வாள். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவர் முழுக்கப் புள்ளியானால் அது மெய்டன். வைடும் நோபாலும் டீமின் கணக்கில் ஏறும், அடிக்கிறவன் கணக்கில் ஏறாது. காலில் பட்டு ஓடினால் லெக் பை, அதுவும் அப்படியே. இதையெல்லாம் எக்ஸ்ட்ரா என்பார்கள். தமிழ் அவளுக்குப் பேசத்தான் வரும், எழுத்து மலையாளம்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய மலையாளத்தில் எழுதி வைத்தாள். பக்கத்து வீட்டு ராமாத்தாளிடம் டிவி இருந்தது. மேட்ச் நடக்கும் நாட்களில் அங்கே தரையில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து குறித்தாள். "இவளுக்குக் கிறுக்கு பிடிச்சுப்போச்சு" என்று ராமாத்தாள் சாயா போட்டுக்கொடுப்பாள்.

செல்லதுரை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை முகம் கறுத்து வந்தான். முதல் பதினைந்து ஓவரில் எழுபது ரன்னைத் தாண்டும் என்று வைத்திருந்தான். எழுபத்து மூன்று வந்தது. சேவியர் கொடுக்கவில்லை. ஐந்து ரன் எக்ஸ்ட்ரா, மட்டையில் வந்தது அறுபத்தெட்டுதான் என்று சொல்லிவிட்டான்.

இசக்கிசெல்வி நோட்டைப் புரட்டினாள். இரண்டு பக்கம் முன்னால் போய் விரல் நின்றது.

"போன வெள்ளிக்கிழமை உங்க கிடங்குப் பிச்சை அண்ணன் எழுபதைத் தாண்டாதுன்னுதானே வச்சாரு?"

"ஆமா. எழுபத்தொண்ணு வந்து அவரு பைசாவும் போச்சு."

"அதுல மூணு எக்ஸ்ட்ரா. மட்டையில வந்தது அறுபத்தெட்டு. அப்போ எக்ஸ்ட்ராவைச் சேர்த்தான், இன்னைக்குச் சேர்க்கலையா? எந்திரிங்க."

"வேண்டாம் செல்வி, அவன் ஆளு மோசம்."

"நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன்."

வழியில் பிச்சையையும் கூட்டிக்கொண்டாள். கிடங்கில் செல்லதுரையோடு மூட்டை தூக்குகிறவர் அவர். ஐஸ் கடை வாசலில் மீன்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பெட்டிகளோடு நின்றார்கள். அவள் பின்பக்கம் போகவில்லை. முன்பக்கத்திலேயே நின்று கூப்பிட்டாள்.

"சேவியர் சேட்டா, உங்க பந்தயத்துல எக்ஸ்ட்ரா உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

சேவியர் சிரித்துக்கொண்டே வந்தான். "சேச்சிக்கு இதெல்லாம் எதுக்கு? ஆணுங்க களி இது."

"உண்டுன்னா இவருக்குக் கொடுக்கணும். இல்லைன்னா பிச்சை அண்ணனுக்குக் கொடுக்கணும். ரெண்டு மேட்சும் பந்துக்குப் பந்து இதுல இருக்கு, பாருங்க."

மீன்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அப்போ என் பைசாவும் அங்ஙனதான் போச்சா?" என்று இன்னொருவர் கேட்டார். சேவியரின் சிரிப்பு நின்றது. அவளை உள்ளே வரச்சொன்னான். அவள் அசையவில்லை.

"ஜெயிச்ச பணம் எங்களுக்கு வேண்டாம். ரெண்டு பேரும் வச்ச பணத்தைத் திருப்பிக் கொடுங்க. இனிமே இவரு கையில இருந்து பந்தயம் வாங்கக்கூடாது. வாங்கினா, தினமும் சாயங்காலம் இந்த வாசல்ல வந்து உட்கார்ந்து, வர்றவங்களுக்கெல்லாம் எக்ஸ்ட்ரான்னா என்ன, டிரான்னா என்ன, மழை வந்தா கணக்கு எப்படி மாறும்னு சொல்லிக் கொடுப்பேன்."

சேவியர் வாசலில் நின்ற மீன்காரர்களைப் பார்த்தான். பிறகு கல்லாவைத் திறந்தான்.

செல்லதுரை அதோடு திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்துத் தேவராவில் பந்தயம் வாங்குகிற வேறொருவனைப் பிடித்தான். அவள் சம்பளத்தைத் தன் பெயரில் பேங்கில் போட ஆரம்பித்தாள். "எதுல வைக்கிறீங்கன்னு எனக்குப் புரியவச்சுட்டு உங்க காசை வைங்க" என்றாள். விளக்க உட்கார்ந்தால் பாதியில் அவனுக்கே பயம் வந்துவிடும். மேட்சையே விலைபேசி விற்றார்கள் என்று இரண்டாயிரத்தில் பேப்பரெல்லாம் எழுதியபோது, அவன் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். அவள் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்தாள். அதன்பிறகு அவன் பந்தயம் வைத்ததெல்லாம் பிச்சையோடு பரோட்டாவுக்குத்தான்.

வெங்கிடராமனுக்கு மாற்றல் வந்தபோது, இனி இவர்தான் எழுதுவார் என்று கிளப் செக்ரட்டரி பினுவிடம் அவளைக் காட்டினார். ரோடு கூட்டுகிற ஒரு பெண்ணா என்று பினு இழுத்தான். "உங்க ஆளு ஒருத்தரையும் எழுதச் சொல்லுங்க, ரெண்டையும் ஒத்துப் பார்ப்போம்" என்றாள் இசக்கிசெல்வி. அன்றைக்கு அவனுடைய ஆள் இரண்டு லெக் பையை விட்டிருந்தான். அவள் ஒன்றையும் விடவில்லை.

2004 லீக் பைனலுக்கு முந்தின நாள் சேவியர் மைதானத்துக்கே வந்தான். தலை நரைத்திருந்தது, மரியாதையும் கூடியிருந்தது.

"சேச்சி, நாளைக்கு ஒரு வைடு. கூட்டணும்னு இல்லை, எழுத மறந்தாப் போதும். மஞ்சுஷா காலேஜ் பீஸை நான் பார்த்துக்கிறேன்."

மகளின் பெயர் வரைக்கும் அவன் தெரிந்து வைத்திருந்தான். பீஸ் கட்ட இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"அம்பயர் கையை விரிச்சா ஒண்ணு எழுதுவேன். விரிக்கலைன்னா எழுத மாட்டேன். போங்க சேட்டா, வெயிலா இருக்கு."

மறுநாள் மைதானம் நிறைந்துவிட்டது. கடைசி ஓவரில் ஒரு பந்து காலுக்கு வெளியே போயிற்று. அம்பயர் இரண்டு கைகளையும் விரித்து, மழைமரத்தடியைப் பார்த்து நின்றார். ஸ்கோர் எழுதுகிறவர் பார்த்துவிட்டதாகக் கையைத் தூக்காதவரை அடுத்த பந்து போடக்கூடாது என்பது சட்டம். பதினொரு ஆட்டக்காரர்களும் இரண்டு மட்டைக்காரர்களும் அவளையே பார்த்தார்கள். வைடைக் குறித்தாள், கூட்டுத்தொகையை ஒருமுறை சரிபார்த்தாள், அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கினாள்.