ஒரு ரிங்குக்கு மேல் தாங்காத போன்

என் போன் அறுபது சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டும். நம்பிவிடக் கூடாது. பாட்டுக் கேட்கலாம், மணி பார்க்கலாம், அதற்கெல்லாம் ஒத்துழைக்கும். யாராவது கூப்பிட்டால் மட்டும் ஒரே ஒரு ரிங் அடித்துவிட்டு அணைந்துபோகும். மறுபடி ஆன் செய்தாலும் கூப்பிட்டது யார் என்று காட்டாது. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் அணைந்தது.

புதுவாயல் ஜங்ஷனில் போன் ரிப்பேர் பார்ப்பவர், "இந்த மாடலுக்கு பேட்டரி வர்றதே நின்னுபோச்சுக்கா, வேற போன் வாங்கிக்க" என்றார். போன் நல்லாத்தானே இருக்கிறது, பேட்டரிதானே கோளாறு என்று சண்டைக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தப் பார்வைக்காகவே வேறு போன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதில் எனக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு எப்போதும் செகண்ட் ஷிப்ட். கம்பெனி வேன் டிரைவர் மதியம் புதுவாயலைத் தாண்டும்போது மிஸ்டு கால் கொடுப்பார். கவரைப்பேட்டையில் இருக்கும் நான் சாப்பாட்டுப் பையோடு ரோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வேன் யாருக்காகவும் காத்திருக்காது. என் போன் ஒரு ரிங் அடித்து அணைந்தால் வேன் வருகிறது என்று அர்த்தம். மிஸ்டு காலுக்கு ஒரு ரிங்குக்கு மேல் எதற்கு?

சில நாள் மட்டும் கணக்கு உதைக்கும். போன் அணையும், ஓடிப்போய் நிற்பேன், வேன் வராது. வெயிலில் நெடுநேரம் லாரிகளின் புழுதியைத் தின்றுவிட்டு, வேன் வந்ததும் டிரைவரைப் பிடித்துக்கொள்வேன்.

"இன்னா நைனா, எண்ணூர்ல இருந்தே கால் பண்ணிட்டியா?"

"இப்பதான்க்கா புதுவாயல்ல இருந்து பண்ணேன். சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு."

புளுகுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் எனக்கும் என் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா போன பிறகு அவள் பழவேற்காட்டுப் பக்கம் தனியாக இருக்கிறாள். ஏரியில் பிடித்து வரும் மீனைக் கரையிலேயே வாங்கிக் கூடையில் விற்பாள். ஆடி மாதம் எங்கள் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மனுக்கு மேல உனுக்கு ரப்பர் பெர்சா பூட்ச்சா?" என்று போனில் கேட்டாள். "ஆமா, ரப்பர்தான் சோறு போடுது" என்றேன். வாய் எனக்கு அவளிடமிருந்து வந்ததுதான். பட்டென்று வைத்துவிட்டாள்.

போன் இந்தக் கதிக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். அவளே கூப்பிடட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் அவள் கூப்பிடவே இல்லை என்பது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தைக்காகப் பெற்ற தாய் என்னைக் கைகழுவிவிட்டாள் என்று நினைத்தால் சோறு இறங்காது. அந்த நேரத்தில் கணவர் ஏதாவது கேட்டால் அவர்மேல் எரிந்து விழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போனில் பாட்டு வைத்திருந்தேன். பாட்டு நின்றது, ஒரு ரிங் அடித்தது, அணைந்தது. பழக்கதோஷம், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழமை எங்க கெளம்பிட்ட? வேன்காரன் சினிமாவுக்குக் கூட்டினு போறானா?" என்றார் கணவர்.

சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். ஒரு செருப்போடு நின்றுவிட்டேன். இன்று வேன் இல்லை. அப்படியென்றால் கூப்பிட்டது யார்? என் போன் லட்சணம் தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கணவர் நம்பருக்குத்தான் அடிப்பார்கள். அம்மா மட்டும் அடிக்கமாட்டாள். மாப்பிள்ளைக்கு போன் போட்டு, பெண்ணிடம் கொடுங்கள் என்று கேட்பது அவளுக்கு மரியாதைக் குறைவு.

கணவரை அவளுக்கு போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்த, இப்ப இவளுக்கு போன் பண்ணீங்களா?"

"ஆமா மாப்ள. மீனு சீக்கிரம் வித்துப்போற அன்னிக்கெல்லாம் பண்ணிக்கினுதான் கீறேன். துன்னுட்டு டூட்டிக்குக் கெளம்புற நேரமா பாத்துதான் பண்றது. என் நம்பரப் பாத்ததும் ஆஃப் பண்ணிட்றா. கொழுப்பு. அப்டியே என்ன மாரியே."

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஆஃப் பண்றான்னு தெரிஞ்சும் ஏன் அத்த பண்றீங்க?"

"ஒரு ரிங்கு போவுதுல்ல மாப்ள. ஆஃப் பண்றதுக்கு கையி ஒண்ணு வேணும்ல. நல்லாத்தான் கீறான்னு தெரிஞ்சிக்கினு வச்சிடுவேன். போதும் எனுக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ம்மா, நான் ஆஃப் பண்ணலம்மா. பேட்டரி போயிட்ச்சிம்மா" என்று அழுதேவிட்டேன்.

அந்தப் பக்கம் குரல் மாறியது.

"யாரு மாப்ள அது, அவளா? பேசணும்னா அவ போன்ல இருந்து பேசச் சொல்லுங்க. புருசன் போன்ல ஒளிஞ்சிக்கினு இன்னா பேச்சு." வைத்துவிட்டாள்.

"என் போன்லயே இன்னொரு தபா போடேன்" என்றார் கணவர். அவருக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாது.

என் போன் சார்ஜரில் இருந்தால் மட்டும் ஒழுங்காகப் பேசும். சார்ஜர் வயரோ ஒரு முழம்தான். மிக்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகி, சமையல் மேடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அது உயிர் பெற்று எழுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். போன் அவள் மடியில்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அப்படியும் ஒவ்வொரு ரிங்குக்கும், இனி எடுக்கவே மாட்டாளோ என்று போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

கடைசி ரிங்கில் எடுத்தாள்.

"எடுக்கலன்னா எப்டி கீதுன்னு பாத்தியா?" என்றாள்.