அத்தை திருப்பிக் கொடுக்காத வில்லை

பொத்தான்களும் ஊசி நூலும் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில் ஓர் ஈய வில்லை கிடக்கிறது. முட்டை வடிவம். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கத்தில் சபைச் சின்னமான எரியும் முட்செடியின் படம் தேய்ந்துபோய் இப்போது கீரைக்கட்டு மாதிரி தெரிகிறது. போன வாரம் குளுவாங்கிலிருந்து எங்கள் சபை மூப்பர் தெப்ராவில் இருக்கும் எனக்குப் போன் செய்து அதைக் கேட்டார். ஆண்டு விழாவுக்காகச் சபையின் பழைய பொருட்களைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறார்களாம். "உங்க அத்தை ஞாபகமா இருக்கும் சிஸ்டர்" என்றார். அவருக்கு இன்ஷூரன்ஸ் விற்கும் தொழில். இனிக்க இனிக்கப் பேசுவார். அவர் அப்படிப் பேசும்போதெல்லாம் என் கை தானாகப் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்ததே அந்த வில்லைதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவினார். தோட்டத்தில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிட, நாங்கள் சில குடும்பங்கள் மட்டும் பிரஸ்பிட்டேரியன் சபை. எப்போதோ ஒரு ஸ்காட்லாந்துக்காரத் துரை கட்டிவிட்டுப் போன தகரக் கூரை ஆலயம் ஒன்று இருந்தது. அவர் விட்டுப்போன வழக்கமும் ஒன்று இருந்தது. திருவிருந்துக்கு முந்திய வாரம் மூப்பர் வீடு வீடாக வருவார். யாரோடாவது மனஸ்தாபமா என்று விசாரிப்பார். இருந்தால் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், பிறகுதான் கையில் வில்லையை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அப்பமும் திராட்சரசமும். கேட்க நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் மூப்பர் யார்? தோட்டத்துப் பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. ஆபீசில் எங்களை வேலைக்கு எடுப்பதும் அவர்தான், ஆண்டவருடைய மேசைக்கு ஆள் விடுவதும் அவர்தான். ஒரே ஆள் கையில் இரண்டு கதவின் சாவியும் இருந்தால் அந்த இடம் எப்படி உருப்படும்?

அத்தைக்கு வில்லை கிடையாது. ஆனால் ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்பத்தட்டு வரும்போது இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து பார்த்துவிட்டு, அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். சிந்திய துணுக்கைக்கூடத் தொடமாட்டார். எனக்கு அத்தையின் மேலேயே சந்தேகம். என்ன பாவம் செய்திருப்பார்? திருடினாரா? யாரையாவது அடித்தாரா? ஒருநாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முதலில் கதவைச் சாத்தினார், பிறகுதான் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முன் நடந்தது அது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தலைப்பிரசவ வலி. தோட்டத்தில் இருந்தது ஒரே லாரி. அத்தை ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். ரப்பர் பாலை எடைபோட்டு முடிக்கிற நேரம். லாரி பழுது என்று கிராணி சொல்லிவிட்டார். வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. அன்று சாயங்காலமே அதே லாரி பால் ஏற்றிக்கொண்டு போனதை அத்தை கண்ணால் பார்த்தார். அடுத்த ஞாயிறு கிராணி ஒப்புரவைப் பற்றி ஜெபம் செய்து முடித்ததும் அத்தை எழுந்து நின்று, "அன்னைக்கு லாரி எங்க நின்னுச்சு மூப்பரே?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான் அத்தை செய்த பாவம்! தேவாலயத்தில் மூப்பரை அவமானப்படுத்தியதற்கும் பொய் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கும்வரை வில்லை இல்லை என்று மூப்பர் சங்கம் முடிவு செய்தது. அந்தச் சங்கத்தில் மற்றவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். போய் இரண்டு வார்த்தை சொல்லி ஒப்புரவாகிவிடச் சொல்லி அப்பா கெஞ்சினாராம். "நான் பொய் சொன்னேன்னு பொய் சொல்லிட்டுப் போய் அந்த அப்பத்தத் தின்னா, தொண்டையில இறங்குமாடா?" என்றாராம் அத்தை.

பிறகு தோட்டத்தை விற்றார்கள், ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. சபை குளுவாங் டவுனுக்கு மாறி, சீனச் சபையாரின் கட்டடத்தில் மதியத்துக்கு மேல் கூடத் தொடங்கியது. கிராணி இறந்தார். வில்லை வழக்கமும் போனது. இனி வில்லை கேட்பார் யாருமில்லை, தாராளமாக அப்பம் எடுத்திருக்கலாம். அத்தை எடுக்கவில்லை. "பேர வெட்டுனவங்க சேர்க்கணும், நானா திருட்டுத்தனமா நுழைய முடியாது" என்பார்.

சில வருடங்களுக்கு முன், சபையில் புதிதாக ஒரு விசுவாச அறிக்கை வாசிக்கப் போவதாகச் சொன்னார்கள். அநீதி நடந்த இடத்தில் சபை நியாயத்தின் பக்கம் நிற்க வேண்டும், பிரிந்தவர்கள் ஒப்புரவாக வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம் புது மூப்பர் அத்தை வீட்டுக்கு வந்தார். கிராணியின் மகன், அதே இன்ஷூரன்ஸ்காரர்தான். பழைய பெட்டியிலிருந்து எடுத்த வில்லையை அத்தையின் கையில் வைத்து, "எல்லாத்தையும் மறந்துட்டு வாங்கக்கா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் போனதும், "அலாமாக், போட்டோ எடுத்துப் போடத்தான் கூப்பிடுறாரு, போகாதீங்க" என்றேன். அத்தை காதிலேயே வாங்கவில்லை. வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போடத் தொடங்கிவிட்டார்.

ஆலயத்தில் போட்டோக்காரர் முன் வரிசையிலேயே நின்றார். நான் சொல்லவில்லையா! எல்லோரும் நின்று அறிக்கையை வாசித்தோம். அத்தைதான் எல்லோரையும்விட உரக்க வாசித்தார். பிறகு மூப்பர் பேசினார். "அந்தக் காலத்துல சின்னச் சின்ன மனத்தாங்கல் இருந்துச்சு, இன்னைக்கு ஆண்டவர் எல்லாத்தையும் மாத்திட்டாரு." அத்தையின் விரல்கள் வில்லையின் மேல் மூடிக்கொண்டன. மூப்பர் தட்டை ஏந்தி வரிசையாக வந்தார். அன்றைக்கு மட்டும் பழைய முறைப்படி வில்லை வாங்கி அப்பம் தருவதாக ஏற்பாடு. அத்தையிடம் வந்து தட்டை நீட்டினார். மூடிய கை திறக்கவில்லை.

"மனத்தாங்கல் இல்ல தம்பி" என்றார் அத்தை. குரல் பெரிதாக இல்லை, ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. "நான் கேட்டது லாரிய."

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். மூப்பர் இப்போது சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தார். "பழுதாகல" என்றார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "லாரி பழுதாகல. ஆபீஸ் பின்னாடிதான் நின்னுச்சு. பால் நேரத்துக்குப் போகணும்னு அப்பா அனுப்பல. வீட்ல எங்க எல்லாருக்கும் தெரியும். அக்கா சொன்னது பொய் இல்ல."

அத்தை அழவில்லை, நான்தான் அழுதேன். மூப்பர் வில்லைக்காகக் கையை நீட்டினார். அத்தை அதை முந்தானையில் முடிந்துகொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். அப்பத்தக் குடுங்க" என்றார். கொடுத்தார். இத்தனை காலமும் தட்டை மட்டும் வாங்கிக் கைமாற்றிய அந்த விரல்கள் அப்பத்தை எடுத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூப்பர் மனம் வந்து சொன்னாரா, மாட்டிக்கொண்டதால் சொன்னாரா? அத்தை சாகும்வரை அத்தையிடமே இதைக் கேட்டு நச்சரித்தேன். "எப்படி வந்தா என்னடி, வந்துச்சுல்ல" என்பார். எனக்கு அந்தப் பெரிய மனசு கிடையாது.

அதனால்தான் போன வாரம் போனில் கேட்டேன், "வில்லைக்குக் கீழ என்ன எழுதுவீங்க மூப்பரே?"

"பழைய திருவிருந்து வில்லைன்னு சும்மா ஒரு வரி சிஸ்டர்."

"லாரி பழுதாகலன்னு எழுதுங்க. நாளைக்கே பஸ் ஏறி வந்து தர்றேன்."

"மூப்பர் சங்கத்துல கேட்டுட்டுச் சொல்றேன் லா" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. வில்லை டப்பாவிலேயே இருக்கிறது.