இரண்டு வலது கால்கள்

எங்கள் ஊரில் தரையில் ஐஸ் கிடந்து நான் பார்த்தது மீன் கடை வாசலில் மட்டும்தான். அதைத் தாண்டும்போதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போவோம். அப்படிப்பட்ட ராஜபாளையத்தில், புரட்டாசி வெயிலில், ஐஸ் மீது சறுக்குவதற்கு எந்த பூட்ஸ் நல்லது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. விவாதித்தவர்களில் ஒருவருக்கும் அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனால்தான் ஒரு வாரம் நடந்தது.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை ஒன்றில் பழுது பார்க்கிற வேலை. பழுது பார்ப்பது என்றால் சரிசெய்வது இல்லை. ஓடுகிற துணியில் இழை விட்ட இடத்தைக் கண்டுபிடித்துக் குறி போடுவது. எட்டு மணி நேரம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. என் வாய் நீளம் என்று அம்மா சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை ஸ்வீடனில் கம்ப்யூட்டர் வேலை. பூ வைத்தாகிவிட்டது, தை மாதம் கல்யாணம். அவன் போனில் பேசியதில் பாதி, ஏரியைப் பற்றித்தான். குளிர்காலத்தில் அங்கே ஏரி உறைந்துவிடுமாம். சனி ஞாயிறுகளில் கூட்டமாகக் கிளம்பி, முழ நீளத்துக்கும் மேலே இருக்கிற இரும்புப் பிளேடைக் காலில் மாட்டிக்கொண்டு, முப்பது நாற்பது கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போவார்களாம். கல்யாணம் முடிந்து நீங்கள் வந்து இறங்கும்போது ஏரி உறைந்துதான் இருக்கும், அதற்குள் பூட்ஸ் வாங்கி அனுப்புகிறேன், வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள், புது பூட்ஸோடு ஐஸில் இறங்கினால் முதல் மணி நேரத்திலேயே தோல் உரிந்துவிடும் என்றான். பட்டுச் சேலை என்ன நிறம் வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பூட்ஸைப் பற்றி மட்டும் மூன்று பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினான்.

மூன்று பக்கத்தையும் நான் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். அந்த ஸ்கேட்டில் பூட்ஸ் தனி, பிளேடு தனி. இரண்டையும் சேர்த்துக் கவ்விப் பிடிப்பதுதான் பைண்டிங். அதில் இரண்டு வகை. ஒன்றில் பூட்ஸின் முனையில் இருக்கும் கம்பி மட்டும் பிளேடில் மாட்டும், குதிகால் தூக்கலாம், ஓடுவது போல உந்தலாம். இன்னொன்றில் குதிகாலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதில் தடுமாற்றம் குறைவு. பூட்ஸ் கணுக்காலைக் கட்டையாகப் பிடிக்க வேண்டும். விரல் முனையில் கொஞ்சம் இடம் வேண்டும், ஆனால் குதிகால் மட்டும் உள்ளே அசையவே கூடாது. கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: சாயங்காலம், கால் நன்றாக மலர்ந்திருக்கும் நேரத்தில், கம்பளிச் சாக்ஸ் போட்டு, முழு எடையையும் ஊன்றி நின்று, பேப்பரில் இரண்டு காலையும் தனித்தனியே சுற்றி வரைந்து அனுப்ப வேண்டும்.

இரண்டு காலையும் தனித்தனியே. அந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வியர்த்தது.

என் இடது காலில் மூன்று விரல்கள் கிடையாது. முன்பாதமும் கொஞ்சம் போய்விட்டது. ஏழு வயதில் சுந்தரபாண்டியத்தில் எங்கள் வயலில் டிராக்டரின் இரும்புச் சக்கரம் ஏறியது. ஓட்டியது அப்பா. போலீஸில் ஏட்டாக இருந்தவர், லீவில் வந்து உழுதுகொண்டிருந்தார், பின்னால் நான் நின்றதைப் பார்க்கவில்லை. நடையில் பெரிதாகத் தெரியாது. கண்டுபிடிக்கிறவர்களும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதை மறைப்பதையே ஒரு தொழிலாகச் செய்துவந்தார்கள். பெண் பார்க்க வந்தால் அவர்கள் வருமுன்பே என்னைப் பாயில் உட்கார வைத்துச் சேலையை இழுத்துவிட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பது அப்பாவுக்குப் பிடித்த வசனம். ஆயிரத்தையும் அவர் ஒரே காலில் வைத்துவிட்டார்.

ஆலோசனைக்கு மகாராஜபுரத்திலிருந்து பெரிய மாமாவை வரவழைத்தார்கள். அம்மாவின் அண்ணன், பட்டாளத்தில் இருந்தவர். லடாக்கில் எட்டு மாதம் இருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் வேத வாக்கு. அங்கே அவர் இருந்தது வண்டிச் சாமான் குடோனில் என்பதை யாரும் சொல்வதில்லை. பனியையே ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை எழுதியதை நான் வாசிக்க வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் தெரியும் என்று தலையாட்டினார்.

"பட்டாளத்துல அளவா பாத்தாக? குடுத்ததப் போட்டோம். பொறவு காலுதான் பூட்ஸுக்கு ஏத்தாப்புல மாறிச்சு" என்றார்.

இப்படிப்பட்டவர்கள் கையில் நாடு பத்திரமாக இருந்திருக்கிறது. குதிகால் தூக்குகிற பைண்டிங் பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது, நடக்கும்போது சத்தம் வரும் என்று அம்மா ஒரு கருத்துச் சொன்னாள். பைண்டிங்கைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பூட்ஸ் கறுப்பாக இருக்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன்னால் கறுப்பு ஆகாது என்று அப்பா ஒரு நாள் முழுக்க அதையே பேசினார்.

கடைசியில் தீர்மானம் மாமாவுடையதுதான். வலது காலை வரைவது. பேப்பரைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, அதே கோட்டைப் பின்பக்கம் வரைவது. திருப்பினால் வலது இடதாகிவிடும். கணக்கு முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எவன் காலை அளந்து பார்க்கப்போகிறான் என்றார் அப்பா. கால் அளக்கிற ஒரே மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கட்டிவைக்கிறோம் என்பது அந்தக் கூடத்தில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

சார்ட் பேப்பரை விரித்தார்கள். மாமா பென்சிலோடு குனிந்தார். நான் வலது காலை வைத்து, முழு எடையையும் ஊன்றி நின்றேன். மற்றவர்களைத் திட்டுவது எளிது. நின்றது நான்தான். வாய் நீளம் என்று பேர் வாங்கியவள், அந்த ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. ஏரி வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு வருகிற அருவருப்பு, மாமா மேல் வருவதைவிடக் கூடத்தான்.

ஐப்பசியில் பூட்ஸ் வந்தது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒருவர் லீவில் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சாமான், அதை ஊர் பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? எங்களை வீட்டுக்கு அழைத்தார்கள். போனால், கூடத்தில் நாலு தெருப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்பு சாதியைச் சேர்ந்த ஒரு சாமானை வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் வைக்கலாமா கூடாதா என்று காலையிலேயே அங்கேயும் ஒரு விவாதம் நடந்து முடிந்திருந்தது. தீர்ப்பின்படி, தேங்காய் பழம் ஒரு தட்டிலும், பூட்ஸ் ஒரு கை தள்ளி இன்னொரு தட்டில் மஞ்சள் துணி மூடியும் இருந்தன. எங்கள் வீட்டு மூளைக்கு ஏற்ற சம்பந்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீடியோவில் வந்தான். போனைச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பூட்ஸைப் போட்டுக் காட்டச் சொன்னான். வலது பூட்ஸ் அச்சில் வார்த்தது போல இருந்தது. முழங்காலை மடக்கி முன்னால் சாயச் சொன்னான், சாய்ந்தேன். விரல் முட்டவில்லை, குதிகால் அசையவில்லை. என் வாழ்க்கையில் ஒரு செருப்பு அப்படிப் பொருந்தியதே இல்லை. அவன் முகத்தில், சொன்ன வேலையைச் சரியாகச் செய்தவனின் சந்தோஷம் தெரிந்தது.

பிறகு இடது. மஞ்சள் துணியை விலக்கிப் பார்க்கிற சாக்கில் மாமா முன்கூட்டியே அதன் முனையில் ஒரு கைப்பிடி பஞ்சைத் திணித்துவிட்டிருந்தார். சாய்ந்தேன். குதிகால் உள்ளே மேலே வந்தது. அவன் பார்த்துவிட்டான். லேஸை இறுக்கச் சொன்னான். இறுக்கினேன். மறுபடியும் தூக்கியது.

பாப்பாவுக்கு நேற்றிலிருந்து லேசாகச் சுளுக்கு என்றார் அப்பா.

சுளுக்கினால் கால் வீங்கத்தானே செய்யும், சின்னதாகவா ஆகும் என்று கேட்டான் அவன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. லேஸை அவிழ்த்தேன். பூட்ஸைக் கழற்றி, பஞ்சை உருவித் தரையில் வைத்து, சாக்ஸையும் கழற்றினேன். அப்பா என் கையைப் பிடித்தார். தட்டிவிட்டேன். காலைத் தூக்கிப் போனுக்கு நேரே வைத்துச் சொன்னேன்:

"இதுதான் என் எடது காலு. நீங்க பாத்த படம் ரெண்டும் வலது. நானுந்தான் நின்னு குடுத்தேன்."

அவன் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. அருவருப்பு இருக்கிறதா என்றுதான் நான் தேடினேன். இல்லை. அளக்கிற பார்வை.

"வலது முப்பத்தெட்டு. எடதுக்கு முப்பத்தஞ்சு போதும். ரெண்டு ஜோடி வாங்கணும், அம்புட்டுதான்" என்றான்.

ஒரு மூச்சு நேரம், அந்த ஆளை நான் உயிராக நேசித்தேன். அடுத்த மூச்சில் அவன் அம்மா போனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள்.

கால் போனது பெரிதில்லை, மறைத்ததுதான் மனசுக்குக் கஷ்டம் என்று அவள் நாலு பேர் கேட்கச் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் மறுநாளே தெரு முழுக்க அவள் சொல்லிக்கொண்டு திரிந்தது மறைத்த கதையை இல்லை, விரல் இல்லாத கதையை. மூன்று விரல் ஐந்தாகி, ராஜபாளையத்துக்கு வந்து சேரும்போது கட்டைக் கால் ஆகியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நான் அன்னைக்குப் பின்னாடி பாத்திருக்கணும் என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னார். இத்தனை வருஷமும் அவர் மறைத்தது என் காலை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு பேச்சுக்காக, அவரை இதற்கு மேல் திட்டப்போவதில்லை.

நான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் காத்திருந்தேன். துணியில் பழுது ஓடிப்போவதுகூடத் தெரியாமல் இரண்டு தடவை மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன். ஒன்பதாம் நாள் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. நீளமான மெசேஜ்.

வலது இடது வேறு வேறு அளவில் ஒற்றை ஒற்றையாக விற்கும் கடையைக் கண்டுபிடித்துவிட்டானாம். எந்த அளவு பூட்ஸாக இருந்தாலும் முனைக் கம்பி ஒன்றுதானாம், பிளேடு ஒரே ஜோடி போதுமாம். ஆனால் குதிகால் தூக்குகிற வகையில் எடை விரலில்தான் விழும், இடது காலுக்கு அது ஒத்துவராது, ஆகவே குதிகாலையும் பூட்டுகிற வகைதான் நல்லது, இடது பிளேடில் மட்டும் பின்கவ்வியை ஒரு விரல் கடை முன்னால் தள்ளிப் பொருத்த வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தான். என் காலைப் பற்றி அவ்வளவு சரியாக, அவ்வளவு கவனமாக, டாக்டர்கூட யோசித்ததில்லை. மூன்று தடவை படித்தேன். கல்யாணம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உடனே பதில் வந்தது.

"அவிய கோவமா இருக்காவ. கொஞ்ச நாள் போகட்டும், இப்ப நான் ஒண்ணும் பேச முடியாது. அதுக்குள்ள எந்த பைண்டிங்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. ஆஃபர் ஞாயிற்றுக்கிழமை வரைக்குந்தான்."

கீழே ஆழத் தண்ணீர் கிடக்கிற ஏரியின் மேல் நாற்பது கிலோமீட்டர் போகிறவன். கூடத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசக் கால் நடுங்குகிறது. மாமாவுக்காவது தன் புத்தி மட்டு என்பது தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டு பைண்டிங்கைப் பற்றிப் பேசுகிறான். இத்தனை பேரில் நான் ஆகக் கேவலமாக நினைப்பது இவனைத்தான். ஏனென்றால் இவன் ஒருவனைத்தான் நான் மதித்திருந்தேன்.

பூட்ஸ் அளவு சரி, ஆனால் கல்யாணம் வேண்டாம் என்று இரண்டே வரி எழுதி அனுப்பினேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கல்யாணத்தை நிறுத்தியது நான்தான், கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

அவர் பொத்தான் போடுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கால் விசயத்தையும் சொல்லணுமா, பாப்பா?"

"அதத்தாம்ப்பா மொதல்ல சொல்லணும்" என்றேன்.