நாவில் பார்த்த சாயம்

சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி எங்கள் சாயச்சாலை இருந்தது. தந்தைக்குப் பின் அண்ணன் அதனை நடத்தினார். நான் மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்து, மற்ற நேரத்தில் சாயச்சாலையில் கைகொடுத்து வந்தேன். நீலம் தோய்க்கும் அவுரித் தொட்டியின் பதத்தை நாவில் ஒரு துளி வைத்து அறிவது எங்கள் குல வழக்கம். பின்னர்ச் சீமையிலிருந்து தகரப் பெட்டிகளில் சிவப்பு முதலிய சாயத்தூள் வந்தது. அது துணியில் பற்ற உப்பிட வேண்டும். உப்பின் அளவையும் அண்ணன் நாவிலேயே பார்த்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை அவருக்குச் சிறுநீர் சிவந்து இறங்கியது. வலி இல்லை. கொல்லை வாய்க்காலருகே என்னை அழைத்துக் காட்டிச் சிரித்தார்.

“பாத்தியாடா தம்பி, உள்ள போன சாயம் தானா வெளிய போய்க்கினு கீது.”

அண்ணி உள்ளிருந்தே சொன்னார்: “உங்க சாயம் ரெண்டு சலவைக்கே நிக்காது. வயித்துல மட்டும் நிக்கவா போவுது?”

நானும் நம்பினேன். அவர் கையும் சிவப்பு, உமிழ்நீரும் சிவப்பு. இது மட்டும் எங்ஙனம் வேறாகும்? மோர் நிறையக் குடிக்கச் சொன்னோம். சிவப்பு வராத நாள்களில் எல்லாம் கழிந்ததென மகிழ்ந்தோம். இவ்வாறு ஓராண்டு சென்றது.

ஆடியில் ஒரு வாரம் முழுவதும் நீலமே தோய்த்தோம். சிவப்புத் தூளைத் திறக்கவே இல்லை. ஏழாம் நாள் வாய்க்காலருகிலிருந்து அண்ணன் கேட்டார்.

“இந்த வாரம் இன்னாடா போட்டோம்?”

“நீலம், அண்ணே.”

அவர் திரும்பவில்லை. ஒரு குடம் நீரைக் கொட்டினார். வாய்க்காலில் கருஞ்சிவப்பாக ஓடியது.

மருத்துவர் முதலில் தொழிலைக் கேட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, சிறுநீர்ப்பையில் புற்று என்றார். காரணம் முற்றும் தெளிவாகவில்லை எனினும், சீமைச் சாய ஆலைகளில் இந்நோய் மிகுதியாம். உள்ளே சென்ற நஞ்சை உடல் உருமாற்றிக் கழிவாக அனுப்புகிறது. அக்கழிவு பையில் நெடுநேரம் தங்கி அவ்விடத்தையே கெடுக்கிறது என்று கருதுகின்றனராம். அறுக்க இயலாதா என்றேன். காலம் கடந்தது என்றார். உடல் வெளியேற்ற முயன்றதே கேடாயிற்று என்பதை அண்ணனுக்கு எவ்வாறு சொல்வது? திரும்பும் வழியில், சாயத்தால் வந்த நோய் என்று மட்டும் சொன்னேன்.

மார்கழியில், எழுந்து நடக்க முடிந்த ஒரு காலையில், தொட்டியருகே சென்றார். சாயத்தில் தோய்ந்த விரல் வாயை நோக்கி எழுந்தது. நான் மணிக்கட்டைப் பற்றினேன்.

“வுட்றா தம்பி. இன்னும் ஒரு சொட்டு பட்டா இன்னா ஆயிடப் போவுது? பதம் பாக்க வேற யாரு கீறாங்க?”

கையை விட்டேன்.

“உப்பு பத்தல,” என்றார்.

ஒரு படி அளந்து கொட்டினேன்.