பத்தமடை தாண்டிய பிறகு

மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் கல்லூரிக்கு ஒரு யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு வந்தார்கள். இன்றைய இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் படம்பிடித்துப் போடுவது அவர்கள் வழக்கம். எனக்கு அப்போது நாட்டைப் பற்றி நிறைய அபிப்பிராயங்கள் இருந்தன. பொருளாதாரம் படிக்கிறவன் வேறு. கேமராவுக்கு முன்னால் நெடுநேரம் பேசினேன். நான் பேசியது ஒரு வரிகூட வெளியே வரவில்லை. என் நண்பன் பேசியது வந்தது.

நானும் அவனும் ஒரே ஊர். வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர். கால்வாய்க்கு இந்தப் பக்கம் மேலத்தெரு. அங்கே எங்கள் வீடு. பாலம் தாண்டி அந்தப் பக்கம் காலனி. அங்கே அவன் வீடு. ஒரு பீடியைப் பற்றவைத்து நடந்தால் அது அணைவதற்குள் போய்விடலாம். ஆனால் இருபது வயது வரை நான் அந்தப் பாலத்தைத் தாண்டி நடந்ததில்லை. பள்ளியில் அவன் வேறு பிரிவு. எங்கள் தெருப் பையன்கள் கையில் ஒரு நிறத்தில் கயிறு கட்டுவார்கள், அவர்கள் வேறு நிறத்தில். நானும் கட்டியிருந்தேன். ஏன் என்று யாரையும் கேட்டதில்லை.

கல்லூரியில் முதல் வருடம் வகுப்புக்குள் நுழைந்தபோது அவனும் அங்கே உட்கார்ந்திருந்தான். ஊரில் எப்படியோ அப்படியே பல வாரம் இருந்தோம். எங்கள் துறையில் ஒரு பேராசிரியை வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை விவாதத்துக்கு என்று வைத்திருந்தார். யாராவது எழுந்து ஒரு சமூகப் பிரச்சினையைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் மறுக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுந்து, வேலைவாய்ப்பு பெருகினால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று பேசினேன். பட்டணத்தில் யார் சாதியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். கைதட்டினார்கள். அவன் பின்வரிசையிலிருந்து எழுந்து, தன் அக்காள் மாப்பிள்ளை திருப்பூரில் வாடகைக்கு வீடு தேடிய கதையைச் சொன்னான். சம்பளச் சீட்டைக் காட்டியும் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் வீடு இல்லை என்றார்களாம். சத்தம் போடாமல், மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். வகுப்பு முடிந்ததும் நானே போய் டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.

அன்று தொடங்கியது எங்கள் பழக்கம். ஆனால் ஊரில் அது கிடையாது. பஸ்ஸிலும் பாதி வழிக்குத்தான் உண்டு. காலையில் நான் எங்கள் நிறுத்தத்தில் ஏறி முன்பக்கம் உட்காருவேன். அடுத்த நிறுத்தம் பாலம். அங்கே அவன் ஏறிப் பின்னால் நிற்பான். ஊர்க்காரர்கள் அநேகமாகச் சேரன்மகாதேவியில் இறங்கிவிடுவார்கள். மிச்சமுள்ளவர்கள் பத்தமடையில் இறங்குவார்கள். பத்தமடை தாண்டியதும் நான் எழுந்து பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். மேலப்பாளையம் தாண்டிக் கல்லூரி வருவதற்குள் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசுவோம். சாயங்காலம் இதுவே தலைகீழாக நடக்கும். பத்தமடை நெருங்கும்போது யாராவது ஒருவர் எழுந்துவிடுவோம். இப்படிச் செய்வோம் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை.

என்னவெல்லாம் பேசினோம். எங்கள் வயலில் நாற்று நட வடக்கேயிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வரப்பில் நின்று அவர்கள் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடுவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். கூலி வேலையையும் வெளியாட்கள் பிடித்துக்கொண்டால் நம் ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்டேன். அந்த வயலில்தான் தன் அம்மாவின் சேக்காளிகள் முன்பு நட்டார்கள் என்றான் அவன். இப்போது அந்தப் பெண்கள் ஏன் வருவதில்லை, கூலி பேசுகிற இடத்தில் அவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சொன்னான். நான் ஒரு பிரச்சினையைப் புத்தகத்திலிருந்து தொடங்குவேன். அவன் அதை யாராவது ஒரு ஆளின் கதையாக்கிவிடுவான். கோபமாக வரும். ஆனாலும் அடுத்த நாள் அவனிடம் பேசுவதற்காகவே செய்தித்தாள் படித்தேன்.

சேனல்காரர்கள் வந்த அன்று கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் எங்களை நிறுத்தினார்கள். இளைஞர்களின் பெரிய பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். ஒருவன் வேலையில்லாத் திண்டாட்டம் என்றான். ஒரு பெண், கம்ப்யூட்டரே எல்லாம் எழுதிவிடுகிறது, இனி எங்களுக்கு என்ன வேலை என்றாள். கஞ்சா என்றான் ஒருவன். நான் நெல் விலையில் தொடங்கி நீளமாகப் போனேன். மைக் அவனிடம் போனது. தயங்கினான். பிறகு சொன்னான்:

"நானும் என் கூட்டாளியும் ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு. பத்தமடை வரைக்கும் நாங்க பேசிக்கிட மாட்டோம். ஊர்க்காரங்க எல்லாம் அங்கன எறங்கிருவாங்க. அதுக்கப்புறம்தான் அவன் எங்கிட்ட வந்து உக்காருவான். எல்லாரும் வேலை வேணும்னு சொல்லுதாங்க. எனக்கும் வேணும்தான். அதுக்கு முன்னால, வீட்டுலேருந்து காலேஜு வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே சீட்டுல வரணும். அவ்வளவுதான்."

மைக் பிடித்திருந்த பெண் 'சூப்பர்' என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில், சொன்னது தப்பா என்று கேட்டான். தப்பில்லை என்றேன். உண்மையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவன் என் பெயரைச் சொல்லவில்லை, ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை.

ஆனால் முகம் இருந்ததே. அடுத்த வாரம் அந்தத் துண்டு மட்டும் தனியாக வெளிவந்தது. பின்னால் சோகமான இசை சேர்த்திருந்தார்கள். இரண்டு நாளில் அது எங்கள் தெரு வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. கீழே வந்த பதில்களை நான் இங்கே எழுத மாட்டேன்.

பெரியப்பா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் காட்சியை ஒருதடவை ஓடவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நம்ம ஊர்லேருந்து அந்த பஸ்ஸுல காலேஜுக்குப் போற பயலுவ நாலஞ்சு பேருதான். இவன் சொல்லுத கூட்டாளி யாருலே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு எவனோ, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பேசியிருக்கிறேன். இப்போது பொய் சொன்னால் நான் என்ன ஆள் என்று தோன்றியது.

"நான்தான்" என்றேன்.

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. பெரியப்பா போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். என்னை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அம்மா போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், உலகம் இடிந்துவிடவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் பாலம் நிறுத்தத்தில் அவன் ஏறவில்லை. எங்கள் தெருப் பையன்கள் சிலர் அங்கே பைக்குகளைப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அவன் போன் அணைந்து கிடந்தது. அவனுடைய அப்பா கொத்தனார். எங்கள் தெருவில் பாதி எழும்பியிருந்த ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மிரட்டவில்லையாம். பையனைக் கொஞ்ச நாள் வெளியூரில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று மரியாதையாகவே சொன்னார்களாம்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். வள்ளியூரில் இன்னொரு அக்காள் வீட்டில் இருப்பதாகச் சொன்னான். முதலில் கேட்டது என்னைப் பற்றித்தான்.

"ஒன்ன யாரும் அடிச்சாகளா?"

"இல்ல."

"அப்பச் சரி." பிறகு பைய கேட்டான். "நீ ஏம்லே நான்தான்னு சொன்ன? இல்லன்னு சொல்லியிருந்தா, நான் சும்மா கத விட்டேன்னு போயிருக்கும். ரெண்டு திட்டோட முடிஞ்சிருக்கும்."

அக்காள் கூப்பிடுகிறாள் என்று உடனே போனை வைத்துவிட்டான்.

அன்றைக்குச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அம்மா அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுதான சொன்ன."

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் என் கருத்து ஒன்றை இவ்வளவு சுருக்கமாக மறுத்ததில்லை. அம்மா எட்டாவதோடு நின்றவள் என்றோ, அவளும் பாலம் தாண்டாதவள்தான் என்றோ அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. அது ஒன்றும் உதவவில்லை.

பேராசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அவனுடைய வருகைப்பதிவு விஷயத்தில் முடிந்ததைச் செய்வதாகச் சொன்னார், செய்யவும் செய்தார். ஆனால் வெள்ளிக்கிழமை விவாதம் அந்த மாதத்தோடு நின்றது. வெளியாட்கள் யாரும் கேமராவோடு உள்ளே வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சேனல்காரர்களுக்கு எழுதி, அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், நல்ல விழிப்புணர்வு, எடுக்க முடியாது என்று பதில் வந்தது. கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

தேர்வுக்கு மட்டும் அவன் வந்தான். வள்ளியூரிலிருந்து நேரே பாளையங்கோட்டைக்கு வந்து, எழுதிவிட்டு, நேரே திரும்பினான். ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடை அண்ணாச்சி நல்ல மாதிரிதான், ஆனால் முதல் நாளே எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டார் என்று சிரித்தான். உடம்பு கருத்து, கை காய்த்திருந்தது. இரண்டு தாள் போய்விடும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. போகவும் செய்தன. நான் தேறினேன். அதே துறையில் முதுகலைக்கும் சேர்ந்தேன். அவன் பெற்றோர் காலனி வீட்டைப் பூட்டிவிட்டு வள்ளியூருக்கே போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மேலத்தெருவில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பாதியில் நின்ற அந்த வீட்டை வேறொரு கொத்தனார் கட்டி முடித்தார். பால்காய்ப்புக்கு எங்கள் வீட்டிலிருந்தும் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க வள்ளியூர் போனேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் பஸ் ஏறிவிட்டுக் கூப்பிட்டதால் வேறு வழியில்லாமல் ஸ்டாண்டுக்கு வந்தான். வெயில் கடுமையாக இருந்தது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீடு. முன்னறையில் ஒரு கட்டில், டிவி, மூலையில் கொத்தனார் சாமான்கள்; அவன் அப்பா வெளியே போயிருந்தார். அவன் அம்மா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அதற்கு முன் அவரைப் பார்த்ததில்லை. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும் பார்த்ததில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். "திருநெல்வேலி டவுனும்மா. கூடப் படிச்சவன்."

அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, ஃபேனைக் கூட்டிவைத்துக்கொண்டிருந்தான்.

அவர் எனக்குச் சோறு போட்டார். சாளை மீன் குழம்பு. நான் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கடை வைத்திருக்கிறார் என்று நானும் ஒரு பொய் சொன்னேன். பையன் படிப்பு பாதியில் நின்றதைச் சொல்லி அழுதார். யாரோ ஒரு பையன் கூடச் சேர்ந்து இவன் கெட்டான், அந்தப் பையன் தன் வீட்டில் போய்ச் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது என்றார். "அந்த ஊருக்காரங்க மூஞ்சில இனி முழிக்கவே மாட்டேன் தம்பி. எப்படியோ நல்லா இருந்துட்டுப் போட்டும்" என்றார். தலையாட்டினேன். குழம்பு இன்னும் கொஞ்சம் விடவா என்று கேட்டார். விடச் சொன்னேன். வேண்டாம் என்றால் முகத்தைப் பார்ப்பாரோ என்று பயமாக இருந்தது.

ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது அவன் கடையைப் பற்றியே பேசினான். எந்த டைல் சீக்கிரம் கீறல் விழும், ஆட்கள் எதைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்று சொன்னான். விட்ட தாள்களை எழுதச் சொன்னேன். பார்க்கலாம் என்றான். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம், போனாலும் போவேன் என்றான். அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவன்தான் கடைசியில், "இனி இங்கன வராதலே. போன் பண்ணு" என்றான்.

பண்ணுகிறேன். சில நாள் எடுக்கிறான். அவன் ஓசூர் போய்விட்டான். இரவு ஷிஃப்டாம், பகலில் தூங்குகிறானாம். வேலை பெருகினால் எல்லாம் சரியாகும் என்று நான் பேசியதை அவன் ஒருநாளும் ஞாபகப்படுத்தியதில்லை. முதுகலை வகுப்பில் இப்போதும் எங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். கிராமப்புற வேலையின்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரி இன்னும் வரவில்லை.