சனிக்கிழமை தோறும் இறங்கிய பாட்டரி

எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் மகன் போலாரத்தில் ஒரு துரையின் காரை ஓட்டுகிறான். மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் கார் நிற்கும். மற்ற நாளெல்லாம் ஒழுங்காகக் கிளம்பும். சனிக்கிழமை காலையில் மட்டும் பாட்டரி இறங்கிக் கிடக்கும். வண்டியைக் கிளப்ப முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றி மகனுக்குத் தோளே வீங்கிவிட்டது. மெக்கானிக் காசிம் பாய் முனைகளைச் சுரண்டினார், தண்ணீர் ஊற்றினார், சார்ஜ் ஏற்றினார். அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. இன்னொரு முறை தாமதமானால் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். எரிச்சலில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

பாய் மறுபடி வந்தார். "ஜும்மா அன்னிக்கு வண்டிய யார்மா தொடுறது?"

"நான்தான். துடைச்சுப் பொட்டு வெச்சு, விளக்கு வெக்கிற நேரத்துல வண்டிக்குள்ள இருக்கிற குட்டி விளக்கையும் போடுவேன்."

"அணைக்கிறது?"

"வெள்ளிக்கிழமை விளக்க யாராச்சும் அணைப்பாங்களா? தானா மலையேறட்டும்னு கொட்டகையச் சாத்திட்டு வந்துடுவேன்."

மகன் தலையில் கைவைத்தான். "விளக்கு மலையேறுதும்மா, பாட்டரி இறங்குது."

இப்போது பொட்டோடு சரி. விளக்கைக் கொட்டகைக்கு வெளியே எண்ணெய் ஊற்றி ஏற்றுகிறேன். உங்கள் வீட்டிலும் பாட்டரி இறங்கினால், மெக்கானிக்கைத் திட்டுமுன் வீட்டுப் பெரியவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.